1,197,900: ஒரு பெரிய எண்ணைப் படிப்படியாக ஆராய்வது எப்படி?

திருகோணமலையின் சீனன்குடாப் பகுதியில் பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் இருக்கின்றன. ஒரு தாங்கி 12,100 கிலோலீற்றர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், அவற்றின் மொத்தக் கொள்ளளவு 99 × 12,100, அதாவது 1,197,900 கிலோலீற்றர் ஆகும். பதினொரு இலட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்துத் தொள்ளாயிரம் என்ற இந்த எண்ணை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு, ஈற்றில் இரண்டு பூச்சியங்கள் இருப்பதைத் தவிர வேறு எதுவும் எளிதிற் புலப்படாது. ஆயினும், க.பொ.த. சாதாரண தரத்தில் கற்கும் காரணி, மடங்கு, வலு ஆகிய மூன்றையும் அறிந்த எவரும், ஒரு தாளையும் பேனையையும் வைத்துக்கொண்டு இந்த எண்ணின் இயல்புகளில் பெரும்பாலானவற்றைத் தாமே கண்டறிய முடியும். கணிகருவி தேவையில்லை என்று சொல்லவில்லை. அதனை விடையைச் சரிபார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்குவதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லப்படும் இயல்புகள் இரு வகையானவை. ஒரு வகை, அந்த எண்ணுக்கே உரியது: அது எவற்றால் வகுபடும், அது ஒரு வர்க்கமா, அதற்கு எத்தனை காரணிகள் உண்டு என்பன போன்றவை. மற்றைய வகை, நாம் அந்த எண்ணைப் பத்தின் அடியில் எழுதும் முறைக்கு மட்டும் உரியது: அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை என்ன, அதைத் திருப்பி எழுதினால் என்ன வரும் என்பன போன்றவை. எண்களின் “சிறப்புகள்” என்று தொகுக்கப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கலந்தே தருகின்றன. புதிதாகக் கற்பவர் இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினால், எது ஆழமானது, எது வெறும் வேடிக்கை என்பது தானாகவே தெளிவாகும்.

முதன்மைக் காரணிகளைப் பிரித்தெடுத்தல்

இதுவே முதற்படியும் முக்கியமான படியுமாகும். இனி வரும் படிகள் ஏறக்குறைய அனைத்தும் இதன் விடையை எடுத்தே நடைபெறுவதால், இங்கே அவசரப்படக் கூடாது.

ஈற்றிலுள்ள பூச்சியங்களிலிருந்து தொடங்குங்கள். 1,197,900 என்பது 11,979 × 100. இதில் 100 என்பது 2² × 5² என்று உடனே எழுதிவிடலாம். மீதமுள்ள 11,979 ஒற்றை எண். அது 5 இலும் முடியவில்லை. ஆகவே 2 உம் 5 உம் இனி வரப்போவதில்லை. அடுத்து 3. இலக்கங்களைக் கூட்டினால் 1 + 1 + 9 + 7 + 9 = 27. இக்கூட்டுத்தொகை 9 ஆல் வகுபடுவதால் எண்ணும் 9 ஆல் வகுபடும். 11,979 ÷ 9 = 1,331. இப்போது 1,331 இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 8. எனவே 3 உம் தீர்ந்துவிட்டது. 7 ஆல் வகுத்தால் 1 மீதி வருகிறது.

அடுத்து 11. இதற்குரிய சோதனை பலருக்கு நினைவிருக்கும், ஆனால் காரணம் தெரிந்திருப்பதில்லை. 10 ஆனது 11 இலும் ஒன்று குறைவு. 100 ஆனது 99 இலும் ஒன்று கூட. 1,000 ஆனது 1,001 இலும் ஒன்று குறைவு. இந்த 11, 99, 1,001 ஆகிய மூன்றும் 11 இன் மடங்குகள். எனவே 11 ஆல் வகுத்து வரும் மீதியைப் பொறுத்தமட்டில், ஒன்றினிடத்து இலக்கத்தைக் கூட்டியும், பத்தினிடத்து இலக்கத்தைக் கழித்தும், நூறினிடத்து இலக்கத்தை மறுபடியும் கூட்டியும் இவ்வாறு மாறி மாறிச் சென்றாலே போதும். 1,331 இற்கு 1 − 3 + 3 − 1 = 0. ஆகவே அது 11 ஆல் வகுபடும், ஈவு 121, அது 11². முழு விடை இது:

1,197,900 = 2² × 3² × 5² × 11³

இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியுமாதலால் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. 99 = 3² × 11 என்றும், 12,100 = 11² × 100 என்றும் தனித்தனியே எழுதிப் பெருக்கினால் அதே விடை ஒரே வரியில் கிடைக்கும். ஓர் எண் எதனை எதனால் பெருக்கி வந்தது என்று தெரிந்தால் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். எவ்வழியிற் சென்றாலும் முதன்மைக் காரணிகளின் தொகுதி ஒன்றாகவே இருக்கும் என்பது எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். ஆகவே இரு வழிகளில் இரு வேறு விடைகள் வந்தால், ஏதோ ஒரு வழியிற் பிழை இருக்கிறது என்று உறுதியாக அறியலாம்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது என்ற கேள்வி இவ்விடத்தில் எழும். ஓர் எண் சேர்த்தி எண்ணாயின், அதன் வர்க்கமூலத்தை விஞ்சாத ஒரு முதன்மைக் காரணியாவது அதற்கு இருந்தே தீரும். 1,094² = 1,196,836 என்றும் 1,095² = 1,199,025 என்றும் இருப்பதால், நமது எண்ணின் அளவுள்ள எந்த எண்ணுக்கும் 1,094 வரையுள்ள முதன்மை எண்களைச் சோதித்தால் போதும்; அவை 183. ஆயினும் ஒவ்வொரு காரணியும் கழியும்போது எல்லையும் சுருங்கும். 1,331 மட்டும் எஞ்சிய நிலையில் 36 வரை பார்த்தாலே போதுமானது.

எண் பெரிதாக இருப்பதாலேயே அது கடினமாகிவிடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நமது எண்ணின் மிகப்பெரிய முதன்மைக் காரணி 11 மட்டுமே; ஆகவே அது விரைவில் பிரிந்துவிட்டது. ஏறக்குறைய அதே அளவுள்ள 1,188,091 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துச் செல்பவர் 180 முதன்மை எண்களைத் தாண்டி, 181 ஆவதான 1,087 இல்தான் முதல் வெற்றியைக் காண்பார். ஏனெனில் அந்த எண் 1,087 × 1,093. ஆனால் அதே எண்ணை 1,090² − 3² என்று பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரே கணத்தில் அது (1,090 − 3) × (1,090 + 3) என்று பிரிந்துவிடும். வர்க்கமூலத்துக்குச் சற்று மேலுள்ள எண்ணின் வர்க்கத்திலிருந்து தரப்பட்ட எண்ணைக் கழித்து, எஞ்சுவது வர்க்கமா என்று பார்க்கும் இந்த உத்தி பிரெஞ்சுக் கணிதர் பெர்மாவுக்குரியது. இரு காரணிகளும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கும்போது மட்டுமே இது விரைவாகப் பலன் தரும். இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறையில் இத்தகைய குறுக்குவழிகளுக்கு இடங்கொடாத வகையில் இரண்டு மாபெரும் முதன்மை எண்களைத் தெரிந்தெடுத்துப் பெருக்குகிறார்கள். 250 இலக்கங்கள் கொண்ட அத்தகைய ஒரு பெருக்கம் 2020 ஆம் ஆண்டிலேயே, பெருந்தொகையான கணினிகளின் உழைப்பைக் கொண்டு பிரிக்கப்பட்டது.

எந்த வகுப்பைச் சேர்ந்தது?

இப்போது சுட்டிகளை மட்டும் பாருங்கள்: 2, 2, 2, 3. இந்நான்கு சிறிய எண்களும் ஒரு பெரிய எண்ணின் குணத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பதே எனக்கு இந்த முழு விடயத்திலும் மிகவும் சுவையானதாகத் தோன்றுவது.

எல்லாச் சுட்டிகளும் இரட்டையாக இருந்தால் எண் ஒரு நிறைவர்க்கம். எல்லாம் 3 இன் மடங்குகளாக இருந்தால் அது ஒரு நிறைகனம். இங்கே 11 இன் சுட்டி ஒற்றையாக இருப்பதால் வர்க்கம் இல்லை. மற்றையவற்றின் சுட்டி 2 ஆக இருப்பதால் கனமும் இல்லை. பொதுவாகச் சுட்டிகள் அனைத்தினதும் பொதுக் காரணிகளுட் பெரியது 1 ஆக இருந்தால், அந்த எண் எந்த முழு எண்ணினதும் இரண்டாம், மூன்றாம், அல்லது அதற்கு மேற்பட்ட வலுவாக இருக்க முடியாது. 2, 2, 2, 3 ஆகியவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 1 தான்.

பரீட்சைகளில் வழக்கமாக வரும் ஒரு வினாவுக்கும் இதுவே விடை தருகிறது. நமது எண்ணை வர்க்கமாக்க வேண்டுமாயின் அதனைப் பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண் 11. பெருக்கினால் 13,176,900, அதாவது 3,630² கிடைக்கும். கனமாக்க வேண்டுமாயின் 2, 3, 5 ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு வலு குறைவாக இருப்பதால் 30 ஆற் பெருக்க வேண்டும். அப்போது 35,937,000, அதாவது 330³ வரும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, எந்தச் சுட்டியும் 1 ஆக இல்லை என்பது. தன்னை வகுக்கும் ஒவ்வொரு முதன்மை எண்ணினதும் வர்க்கத்தாலும் வகுபடும் எண்ணை வலுமிகு எண் என்று அழைக்கலாம். 1970 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணிதர் சொலமன் கோலம் இவ்வகை எண்களுக்கு இப்பொருள் தரும் ஆங்கிலப் பெயரை இட்டார். இத்தகைய ஒவ்வோர் எண்ணையும் ஒரு வர்க்கத்தினதும் ஒரு கனத்தினதும் பெருக்கமாக எழுதலாம். நமது எண் 30² × 11³. இவை அரியவை: 1 ஐயும் சேர்த்து 100 வரை 14, ஆயிரம் வரை 54, பத்து இலட்சம் வரை 2,027 மட்டுமே உள்ளன. 8, 9 என்றும் 288, 289 என்றும் இரண்டு வலுமிகு எண்கள் அடுத்தடுத்து வருவதுண்டு. ஆனால் மூன்று அடுத்தடுத்து வருமா என்ற கேள்வி இன்னும் தீர்க்கப்படாமலே இருக்கிறது.

வலுமிகு எண்ணாக இருந்தும் எதனுடைய முழுமையான வலுவாகவும் அமையாத எண்ணுக்கு அக்கிலீஸ் எண் என்று பெயர். கிரேக்கக் கதைகளில் வரும் அக்கிலீஸ் பேராற்றல் உடையவனாயினும் குதிகாலில் ஒரு குறை கொண்டவன் என்பதால் இப்பெயர் வந்தது. இவ்வகையின் மிகச் சிறிய எண் 72, அதாவது 2³ × 3². அதன்பின் 108, 200, 288 என்று தொடரும். 1,197,900 ஓர் அக்கிலீஸ் எண். இந்த எண்ணைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்ல வேண்டியிருந்தால் இதனையே சொல்வேன்.

ஆனால் இந்தச் சிறப்பு எண்ணுக்குரியதே தவிரத் தாங்கிகளுக்குரியது அன்று. தாங்கியின் கொள்ளளவை முழுமைப்படுத்தி 12,000 என்று கொண்டால் மொத்தம் 1,188,000 ஆகும். அது 2⁵ × 3³ × 5³ × 11. இங்கே 11 ஒரே ஒரு முறை மட்டும் வருவதால், அந்த எண் வலுமிகு எண்ணும் இல்லை, அக்கிலீஸ் எண்ணும் இல்லை. அளவீட்டில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத மாற்றம், எண்ணின் வகுப்பை முற்றாக மாற்றிவிடுகிறது. மாறாக, கிலோலீற்றரை லீற்றராக மாற்றினால் எண் 1,000 மடங்காகி 1,197,900,000 என்று வளர்ந்தாலும், அது 2⁵ × 3² × 5⁵ × 11³ ஆகையால் அக்கிலீஸ் எண்ணாகவே இருக்கும். ஏற்கெனவே உள்ள முதன்மைக் காரணிகளின் சுட்டிகள் மட்டுமே உயர்ந்தன. புதிய காரணி எதுவும் ஒற்றையாக நுழையவில்லை.

காரணிகளை எண்ணுதலும் கூட்டுதலும்

ஒரு காரணியை ஆக்க வேண்டுமாயின் 2 இன் வலுவை 0, 1, 2 என மூன்று விதமாகவும், 3 இன் வலுவை மூன்று விதமாகவும், 5 இன் வலுவை மூன்று விதமாகவும், 11 இன் வலுவை 0 முதல் 3 வரை நான்கு விதமாகவும் தெரிந்தெடுக்கலாம். எனவே காரணிகளின் எண்ணிக்கை 3 × 3 × 3 × 4 = 108. ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குவதே விதி. எண் நிறைவர்க்கம் அல்லாததால் இவை 54 சோடிகளாக முழுமையாகப் பிரியும். அவற்றுள் ஒன்றுக்கொன்று மிக அண்மையிலுள்ள சோடி 1,089 × 1,100. இதில் 1,089 என்பது 33² என்பதைக் கவனியுங்கள். காரணிகளில் ஒற்றை எண்கள் மட்டும் எத்தனை என்று கேட்டால், 2 ஐ விட்டுவிட்டு 3 × 3 × 4 = 36 என்று எழுதலாம்.

கூட்டுத்தொகைக்கும் இதே சிந்தனைதான். (1 + 2 + 4) × (1 + 3 + 9) × (1 + 5 + 25) × (1 + 11 + 121 + 1,331) என்று எழுதி அடைப்புகளை விரித்தால், ஒவ்வொரு காரணியும் ஒரே ஒரு முறை தோன்றும். ஆகவே காரணிகள் அனைத்தினதும் கூட்டுத்தொகை 7 × 13 × 31 × 1,464 = 4,129,944. இவ்வளவு பெரிய பெருக்கலில் கை தவறுவது இயல்பு என்பதால், இலக்கச் சுட்டியை, அதாவது இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டிப் பெறும் எண்ணைக் கொண்டு சரிபார்ப்பது நல்ல வழக்கம். விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 33, பின்னர் 6. பெருக்கப்பட்ட நான்கு எண்களின் இலக்கச் சுட்டிகள் 7, 4, 4, 6. அவற்றின் பெருக்கம் 672. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 15, பின்னர் 6. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆயினும் இலக்கங்கள் இடம் மாறி விழுந்த பிழையை இந்தச் சோதனை காட்டிக்கொடாது. அதற்காகவே கணிகருவியை அருகில் வைத்திருக்கச் சொன்னேன்.

இந்தக் கூட்டுத்தொகையிலிருந்து எண்ணைக் கழித்தால் 2,932,044 எஞ்சுகிறது. தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதாக இருப்பின் அது மிகை எண். சிறிதாக இருப்பின் குறை எண். சமமாக இருப்பின் செவ்விய எண். செவ்விய எண்கள் 6, 28, 496, 8,128 என்று தொடங்கி மிக அரிதாகவே வருகின்றன. ஒற்றையான செவ்விய எண் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. நமது எண் மிகை எண் என்பதைக் கணக்கிடாமலே சொல்லியிருக்கலாம்: 6 ஐவிடப் பெரிய, 6 இன் மடங்கான ஒவ்வோர் எண்ணும் மிகை எண்ணே.

அடுத்து, எண்ணைவிடச் சிறியனவும் அதனுடன் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதனவுமான எண்கள் எத்தனை என்று காண்பது. இதற்கான சூத்திரம் கணிதர் ஒயிலருக்குரியது. 2 இன் மடங்குகளை நீக்கினால் பாதி எஞ்சும். அவற்றிலிருந்து 3 இன் மடங்குகளை நீக்கினால் மூன்றில் இரண்டு பங்கு. பின்னர் ஐந்தில் நான்கு பங்கு. பின்னர் பதினொன்றில் பத்துப் பங்கு. இந்நான்கு பின்னங்களையும் பெருக்கிச் சுருக்கினால் 8/33. எனவே விடை 1,197,900 × 8/33 = 290,400.

இந்த 290,400 ஐ 12,100 ஆல் வகுத்தால் சரியாக 24 வரும். 2022 ஜனவரியில் கைச்சாத்திடப்பட்ட உடன்பாட்டின்படி 99 தாங்கிகளில் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 அவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. ஆகவே கூட்டுத்தாபனத்தின் பங்கில் எத்தனை கிலோலீற்றர் கொள்ளுமோ அத்தனை எண்களே 1,197,900 உடன் பொதுக் காரணி இல்லாதவை. இது முற்றிலும் தற்செயல். 24/99 உம் 8/33 உம் ஒரே பின்னம் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. எண்களோடு பழகுபவர்கள் இத்தகைய ஒற்றுமைகளை அடிக்கடி காண்பார்கள். இரசிக்கலாம், ஆனால் பொருள் தேடக் கூடாது. அதே உடன்பாட்டின் 61 தாங்கிகளுக்குரிய 738,100 ஐப் பார்த்தால் அது 2² × 5² × 11² × 61. 61 ஒரு முதன்மை எண், அதுவும் ஒரே முறை வருகிறது. ஆகவே அந்தப் பங்கு வலுமிகு எண் அன்று. அதன் காரணிகள் 54, முழு எண்ணினது காரணிகளில் சரிபாதி.

வர்க்கங்களின் கூட்டலும் கழித்தலும்

ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா என்பதற்கு ஒரு தெளிவான விதி உண்டு. 4 ஆல் வகுக்கும்போது 3 மீதி வரும் முதன்மைக் காரணிகளை மட்டும் எடுத்து, அவற்றின் சுட்டிகள் அனைத்தும் இரட்டையா என்று பார்க்க வேண்டும். இங்கே அத்தகையவை 3 உம் 11 உம். 3 இன் சுட்டி 2, தடையில்லை. 11 இன் சுட்டி 3, ஆகவே முடியாது. எத்தனை எண்களை முயன்று பார்த்தாலும் கிடைக்காது என்பதை முயலாமலே அறிந்துவிட்டோம். விதியின் பயன் அதுதான்.

மூன்று வர்க்கங்கள் என்றால் கணிதர் லெஜாந்தர் தந்த விதி உதவுகிறது. எண்ணை 4 ஆல் இயன்றவரை வகுத்து, எஞ்சுவதை 8 ஆல் வகுக்கும்போது 7 மீதி வந்தால் மட்டுமே முடியாது. 1,197,900 ÷ 4 = 299,475; அது மேலும் 4 ஆல் வகுபடாது; 8 ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே முடியும். முடியும் என்று சொல்வதோடு விதி நின்றுவிடுகிறது. அந்த மூன்று வர்க்கங்களையும் தேடுவது நம் வேலை. முதன்மைக் காரணிகளைத் திரும்பிப் பார்த்தால் வழி தென்படும். எண் 330² × 11 என்றும் எழுதத்தக்கது; 11 = 9 + 1 + 1. எனவே 990² + 330² + 330². கூட்டிப் பாருங்கள்: 980,100 + 108,900 + 108,900 = 1,197,900.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது இன்னும் எளிது. 99 என்பது 100 − 1. 12,100 என்பது 110². ஆகவே 1,100² − 110². பொதுவாக ஒற்றை எண் எதனையும், 4 இன் மடங்கு எதனையும் இவ்வாறு எழுத முடியும். 4 ஆல் வகுக்கும்போது 2 மீதி வரும் எண்களுக்கு மட்டும் இது வாய்க்காது.

முக்கோண எண்ணா என்று பார்க்க, எண்ணை 8 ஆற் பெருக்கி 1 ஐக் கூட்டி, வருவது நிறைவர்க்கமா என்று சோதிக்க வேண்டும். 9,583,201 ஆனது 3,095² இற்கும் 3,096² இற்கும் இடையில் இருப்பதால் நமது எண் முக்கோண எண் அன்று. அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையாக எழுதும் வழிகளோ பல. ஒற்றைக் காரணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் அவ்வழிகளின் எண்ணிக்கை கிடைக்கும், இங்கே 35. அவற்றுள் ஒன்று 399,299 + 399,300 + 399,301.

எழுதும் முறையைச் சார்ந்தவை

இனி இலக்கங்களுக்கு வருவோம். இந்தியக் கணித ஆசிரியர் கப்ரேக்கர், தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று பெயரிட்டார். 1,197,900 இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 27. எண் 9 ஆல் வகுபடுவதால் 27 ஆலும் வகுபடும் என்று அவசரப்பட்டு முடிவுசெய்யக் கூடாது. முதன்மைக் காரணிகளில் 3² மட்டுமே உண்டு. 27 ஆல் வகுபட 3³ வேண்டும். வகுத்துப் பார்த்தால் 18 மீதி வரும். ஆகவே இது ஹர்ஷத் எண் அன்று.

இப்போது அதே எண்ணைத் துவித எண்ணாக எழுதுவோம். 2 ஆல் தொடர்ந்து வகுத்து, மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 100100100011101001100 வரும், 21 இலக்கங்கள். ஈற்றில் இரண்டு பூச்சியங்கள் இருப்பது முதன்மைக் காரணிகளில் 2² இருப்பதைக் காட்டுகிறது; இங்கே இரண்டுக்கு மேல் அல்லது கீழ் பூச்சியங்கள் வந்திருந்தால் மாற்றுகையில் எங்கோ தவறிவிட்டோம் என்று பொருள். இதிலுள்ள 1 களை எண்ணினால் 9. துவித முறையில் இதுவே இலக்கங்களின் கூட்டுத்தொகை. நமது எண் 9 ஆல் வகுபடும், ஈவு 133,100. ஆகவே பத்தின் அடியில் ஹர்ஷத் எண்ணாக இல்லாத அதே எண், இரண்டின் அடியில் ஹர்ஷத் எண்ணாகிவிடுகிறது! அடி மாறியபோதும் 108 காரணிகளில் ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை; அது அக்கிலீஸ் எண்ணாக இருப்பதும் மாறவில்லை. தொடக்கத்திற் சொன்ன வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேண்டியதில்லை. இலக்கம் சார்ந்த இயல்புகளை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணமும் இதுவே.

பயிற்சிக்கு ஓர் எண்

இதே ஒழுங்கில் இன்னோர் எண்ணை நீங்களாகவே ஆராய்ந்து பாருங்கள். திருகோணமலையின் அஞ்சற் குறியீடான 31000 இதற்கு ஏற்றது. எண் சிறிதாயினும் எல்லாப் படிகளுக்கும் அதில் வேலை உண்டு. கீழேயுள்ள விடைகளைப் பார்க்குமுன் தாளில் எழுதி முடித்துவிடுங்கள்.

முதன்மைக் காரணிகள் 2³ × 5³ × 31. பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண வேண்டிய சுட்டிகள் 3, 3, 1; ஆகவே வர்க்கமும் இல்லை, கனமும் இல்லை. 31 ஒரே முறை வருவதால் வலுமிகு எண்ணும் இல்லை. வர்க்கமாக்க 310 ஆலும், கனமாக்க 961 ஆலும் பெருக்க வேண்டும். கிடைப்பவை முறையே 3,100² உம் 310³ உம். காரணிகள் 32. அவற்றின் கூட்டுத்தொகை 15 × 156 × 32 = 74,880; எண்ணைக் கழித்தால் 43,880; ஆகவே இது 6 இன் மடங்காக இல்லாதபோதும் மிகை எண். எண்ணுடன் பொதுக் காரணி இல்லாதவை 12,000. 31 ஐ 4 ஆல் வகுத்தால் 3 மீதி வருவதாலும், அதன் சுட்டி ஒற்றையாக இருப்பதாலும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது. மூன்று வர்க்கங்களாக 150² + 90² + 20² என்று எழுதலாம்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 4; 31,000 ÷ 4 = 7,750; எனவே பத்தின் அடியில் இது ஹர்ஷத் எண். துவித வடிவம் 111100100011000. அதிலுள்ள 1 கள் ஏழு. 31,000 ஐ 7 ஆல் வகுத்தால் 4 மீதி வரும். ஆகவே இரண்டின் அடியில் இது ஹர்ஷத் எண் அன்று: 1,197,900 இற்கு நேர்ந்ததற்கு நேரெதிர்.